பொதிப்பாதையில் ஸ்ப்லூகன் கணவாய்: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் தூசிஸ் ஊரில் தொடங்கி, ஸ்ப்லூகன் கணவாயைத் தாண்டி, இத்தாலியின் கியவென்னாவில் முடிகிற பழைய பொதிப்பாதை இது; கழுதையும் குதிரையும் முதுகில் சரக்குச் சுமந்து போன வழி. 65 கிலோமீட்டர். இன்று வியா ஸ்ப்லூகா என்று அடையாளப் பலகை நட்டிருக்கிறார்கள். நான் பக்கத்திலுள்ள கூர் நகரில் இருக்கிறேன், இதை ஐந்து தடவை நடந்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள் கீழே.

அக்கா, நான் மலையேறிப் பழகியவன் இல்லை. தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன், அவ்வளவுதான். முடியுமா? உயரத்தில் மூச்சு முட்டுமா? (கோவை)

முடியும் தம்பி. கணவாயின் உச்சி 2,115 மீட்டர்தான், உங்கள் ஊட்டி அதைவிட உயரம். மூச்சைப் பற்றிய கவலையை விடுங்கள், முழங்காலைப் பாருங்கள். தூசிஸ் சுமார் 700 மீட்டரில் இருக்கிறது, கியவென்னா 333 மீட்டரில். ஏறுவதைவிட இறங்குவது அதிகம். ஸ்ப்லூகன் ஊரிலிருந்து உச்சிக்கு 650 மீட்டர் ஏறி, அன்றைக்கே இத்தாலிப் பக்கத்து இசொலா ஊர் வரை 850 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மறுநாள் இன்னும் 900 மீட்டர் இறக்கம்.

முதல் தடவை நான் ஏற்றத்துக்கு மட்டும் பழகிக்கொண்டு போனேன். இசொலாவில் விடுதிப் படியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது. புறப்பட இரண்டு மாதம் முன்பிருந்தே முதுகில் ஆறேழு கிலோவுடன் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். இரண்டு கைத்தடியும் கட்டாயம் வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்? எங்கெங்கே தங்குவது? (டொரண்டோ)

நான்கு நாள். தூசிஸிலிருந்து ஆண்டேர், அங்கிருந்து ஸ்ப்லூகன், பிறகு இசொலா, கடைசியில் கியவென்னா. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் மூன்றாம் நாள் வழியை மட்டும் நடவுங்கள். பொதிப்பாதை என்றால் என்ன என்பது அந்தப் பகுதியில்தான் புரியும்.

முதல் நாள் வழியில் சில்லிஸ் தேவாலயத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் ஓவியம் தீட்டிய 153 மரப்பலகைகள் அதன் கூரை. கழுத்து வலிக்கும் என்பதால் பார்க்கக் கைக்கண்ணாடி கொடுப்பார்கள்.

கழுதைப்பாதை என்கிறீர்கள். அந்தக் காலத்தில் எதைச் சுமந்தார்கள்? யார் ஓட்டினார்கள்? (சென்னை)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கோவேறு கழுதையும் குதிரையும் இரண்டும் நடந்த பாதை இது. ஒரு விலங்கின் பொதி சுமார் 150 கிலோ. முதுகின் இரு பக்கமும் பாதிப் பாதியாகக் கட்டுவார்கள். தெற்கிலிருந்து திராட்சை மது, அரிசி, பட்டு, வாசனைச் சரக்கு. வடக்கிலிருந்து பாலாடைக்கட்டி, துணி, உலோகம்.

ஆனால் ஒரே ஆள் முழுப் பாதையும் ஓட்டிப் போகவில்லை. பாதை பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் அந்த ஊர்க்காரர் கூட்டாகச் சேர்ந்த ஒரு சங்கம். அதற்கு போர்ட் என்று பெயர். அந்த எல்லைக்குள் சரக்குச் சுமக்கும் உரிமை அவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பதிலாகப் பாதையைச் செப்பனிடுவதும், பாலம் கட்டுவதும், பனி விலக்குவதும் அவர்கள் தலையில். எல்லை வந்ததும் சூஸ்ட் என்கிற சரக்குக் கிடங்கில் பொதியை இறக்கி, அடுத்த ஊர்க்காரனின் விலங்கில் ஏற்ற வேண்டும். தூசிஸை அடுத்துள்ள வியாமாலாப் பள்ளத்தாக்குக்குள் பாதையைத் திருத்தி வெட்டுவதற்கு தூசிஸ், காட்சிஸ், மசைன் என்ற மூன்று ஊரார் 1473இல் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இன்றும் பேசப்படுகிறது. அரசனின் ஆணையால் அல்ல, மாடும் வயலும் வைத்திருந்த உழவர்களின் பிழைப்பால் நின்ற பாதை இது. இதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால் காலடிக் கல்லை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

குளிர்காலத்தில் பாதை மூடிக் கிடந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. மாடுகளை முன்னே நடத்திப் பனியை உழக்கி வழி திறப்பார்கள். பனி இறுகிய பிறகு சறுக்குவண்டியில் முதுகில் ஏற்றுவதைவிடக் கூடுதலாகவே இழுக்கலாம்.

1818 முதல் 1823 வரை கார்லோ தொனேகானி என்ற பொறியாளர் கணவாய் வழியே வண்டிச் சாலை போட்டார். 1882இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த கொத்தார்ட் சுரங்கம் வழியே ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. சரக்குப் போனதும் பல குடும்பங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டன. ஸ்ப்லூகனில் நீங்கள் பார்க்கப்போகிற பெரிய கல்வீடுகள் அந்தப் பொதிக் காசில் எழும்பியவை.

கார்டினெல்லோப் பள்ளத்தாக்கு ஆபத்தானது என்று என் நண்பன் பயமுறுத்துகிறான். மேலே வண்டிச் சாலையால் போய்விடலாமா? (யாழ்ப்பாணம்)

மழையோ பனியோ இருந்தால் பேருந்தில் ஏறிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. காய்ந்த நாளில் மட்டும் கார்டினெல்லோவை விட்டுவிடாதீர்கள் தம்பி.

உச்சியிலிருந்து இறங்கினால் மொன்டெஸ்ப்லூகா என்ற சிற்றூரும், அணை கட்டித் தேக்கிய ஏரியும் வரும். அந்த அணைக்குக் கீழேதான் கார்டினெல்லோ. செங்குத்துப் பாறையைக் குடைந்து, ஒரு விலங்கு பொதியோடு போகிற அகலத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். சில இடத்தில் பாறை தலைக்கு மேலே கூரை மாதிரிக் கவிந்து நிற்கும். போன ஆவணியில் அங்கே நின்று சுவரில் கையை வைத்தேன். ஈரமும் குளிரும். இடுப்பு உயரத்தில் பாறை வெளியே துருத்தவே இல்லை. பொதி இடித்தால் விலங்கு பள்ளத்துக்குள் போய்விடும், அதற்காகத்தான் அப்படிச் செதுக்கியிருப்பார்கள் என்று தோன்றியது. வெளிப்புறம் நான்கைந்து அடி தள்ளினால் பள்ளம்.

1800 டிசம்பர் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தளபதி மக்டொனால்ட் இந்தக் கணவாயால் படையைக் கடத்தினார். பனிச்சரிவில் வீரர்களும் குதிரைகளும் கழுதைகளும் அடிபட்டுப் போயினர். அந்த இடத்தில் யாருக்கும் சத்தமாகக் கதைக்கத் தோன்றுவதில்லை.

முந்தின நாள் மாலை தங்கும் விடுதியில் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கல் உருளும் காலத்தில் மூடுவார்கள்.

எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். வியாமாலாவில் தொங்குபாலம் இருக்கிறதாமே? (சூரிச்)

இருக்கிறது அக்கா. 1999இல் பாறை விழுந்து பழைய பாலம் உடைந்துபோய், 2005இல் கட்டியது. 56 மீட்டர் நீளம், ஒரு கரை மறு கரையைவிட உயரம், அதனால் பாலமே படிக்கட்டு. ஆடும். உங்களுக்குச் சரிவராது. தூசிஸிலிருந்து மஞ்சள் தபால் பேருந்தில் சில்லிஸ் போய் அங்கிருந்து நடவுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜூலை முதல் செப்டம்பர் வரை. ஜூனில் உச்சிப் பக்கம் பழைய பனி கிடந்து அடையாளக் குறிகளை மறைத்துவிடும். ஆடி, ஆவணியில் பின்னேரம் இடி மழை வரும். காலை ஏழு மணிக்கே ஸ்ப்லூகனை விட்டுப் புறப்படுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? (மதுரை)

கிடைக்கும், ஆனால் கேட்டுச் சாப்பிடுங்கள். சுவிஸ் பக்கத்து பார்லி சூப்பைப் பார்த்தால் நம் கஞ்சி மாதிரிச் சாதுவாக இருக்கும், பெரும்பாலும் உலர்ந்த இறைச்சி போட்டிருப்பார்கள். கீரை இலையில் சுற்றிய கப்புன்சும் அப்படித்தான். உருளைக்கிழங்கு ரோஸ்டியை நம்பலாம், பன்றி இறைச்சி சேர்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இத்தாலிப் பக்கம் போனால் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி இருக்கிறது. மூன்றாம் நாளுக்கு ரொட்டியும் பழமும் ஸ்ப்லூகனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லையில் விசா பார்ப்பார்களா?

இரண்டு நாடும் ஷெங்கன்தான், ஒரே விசா போதும். கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும். இந்தப் பக்கம் பிராங்க், அந்தப் பக்கம் யூரோ.

ஒன்பது வயது மகளைக் கூட்டிப் போகலாமா அக்கா? (பாரிஸ்)

முதல் இரண்டு நாள் வழி அவளுக்குப் பிடிக்கும். ரொஃப்லா அருவியைக் காட்டுங்கள். விடுதிக்காரர் ஒருவர் அமெரிக்காவில் நயாகராவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1907 முதல் 1914 வரை குளிர்காலந்தோறும் பாறையைக் குடைந்து அருவிக்குப் பின்னால் போக வழி செய்தார். கார்டினெல்லோவில் மட்டும் பிள்ளையைப் பாறைப் பக்கம் விட்டு நீங்கள் வெளிப்பக்கம் நடவுங்கள்.

இன்னொன்று, இது முக்கியம். மேய்ச்சலில் கன்றோடு நிற்கிற பசுவின் கிட்டப் போகவேண்டாம். நம் வீட்டு லட்சுமி மாதிரி நினைத்துத் தடவப் போய் மிதிபட்டவர்கள் உண்டு. பசு பாதையில் நின்றால் தூரமாகச் சுற்றிப் போங்கள். ஏதாவது நடந்தால் இரண்டு நாட்டிலும் 112.

முடிந்தபின் சூரிச்சுக்குத் திரும்புவது எப்படி?

கோடையில் கியவென்னாவிலிருந்து ஸ்ப்லூகன் கணவாய் வழியாகவே தபால் பேருந்து உண்டு. இடம் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் செயின்ட் மோரிட்ஸுக்குப் பேருந்து, அங்கிருந்து கூர் வரை ரயில். நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இடது பக்க யன்னல் கேளுங்கள், வலது பக்கமும் கேளுங்கள், வளைவுக்கு வளைவு காட்சி மாறும். நீங்கள் இறங்கி வந்த கல்படிகள் சில திருப்பங்களில் சாலையை ஒட்டியே தெரியும்.