டிராக்குக்கும் போகணும், திருச்செந்தூருக்கும் போகணும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கோவை செட்டிபாளையத்து ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வே பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினோம், வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே சங்கதி. ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை, அதற்காக வண்டியில் கை வைக்க ஆசை, ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரே கார், அதில்தான் குடும்பம் மொத்தமும் ஊர் போய் வர வேண்டும். அதனால் இந்த வாரம் முழுக்க அதுவே.

அண்ணா, வணக்கமுங்க. எங்கிட்ட 1.0 டர்போ பெட்ரோல் போலோ இருக்குது. செட்டிபாளையம் டிராக் டேக்கு (நம்ம வண்டியை நாமே டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாள்) அப்பப்போ போவேன். அதே வண்டியில்தான் வருசா வருசம் அப்பாரையும் ஆத்தாளையும் திருச்செந்தூர் கூட்டிப் போகணும். காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த, உயரம் மாற்றுகிற செட்), 17 இஞ்ச் அலாய் வீல், பக்கெட் சீட் (உடம்பைக் கவ்வுகிற ரேஸ் சீட்), பாலியூரித்தேன் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் ரப்பருக்குப் பதில் வைப்பது) எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாகப் போட்டுத் தர்றோம்னு ஒரு கடையில் சொல்றாங்க. போடலாமுங்களா?
வாசகர், திருப்பூர்

வேண்டாம் தம்பி. அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் ஒருமுறை மாட்டினால் மாட்டினதுதான் என்று வண்டியோடு கிடக்கிற சாமான்கள். டிராக்குக்கு நிஜமாகவே முதலில் தேவைப்படுவது எதுவும் அதில் இல்லை.

நான் இதை எப்போதும் இரண்டாகத்தான் பிரிப்பேன். சனிக்கிழமை மாட்டி ஞாயிறு ராத்திரி கழற்றி வைக்க முடிகிறவை ஒரு பக்கம்: பிரேக் பேட், டயர், காத்து, பிரேக் ஆயில். இதில் உங்கள் இஷ்டம், டிராக்குக்கு என்ன வேண்டுமோ செய்துகொள்ளுங்கள். வருசம் பூரா வண்டியிலேயே இருக்கப்போகிற ஸ்பிரிங், புஷ், சீட் எல்லாம் இன்னொரு பக்கம். அதில் அப்பாருக்குத்தான் ஓட்டுரிமை.

கரி டிராக் ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். திருப்பம் நெருக்கி நெருக்கி வரும், பிரேக்குக்கு ஆற நேரமே கிடைக்காது. கம்பெனி பேட், பழைய பிரேக் ஆயிலோடு போனவர்களுக்குத் தெரியும், சில சுற்றிலேயே பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பேட் மட்டும் காரணம் இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அதுவே 155 டிகிரி என்றாகிவிடும். கொதித்தால் உள்ளே ஆவி, ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆக முதல் செலவு புது ஆயில், அதுவும் முடிந்தால் டாட் 5.1 (260 டிகிரி, ஏற்கெனவே இருக்கிற டாட் 4-க்குப் பதிலாகத் தாராளமாக ஊற்றலாம், ஆனால் வெறும் ‘டாட் 5’ என்று போட்டிருப்பது சிலிக்கான் சமாச்சாரம், அதை ஊற்றிவிடாதீர்கள்). இதனால் சாலையில் எந்தச் சங்கடமும் கிடையாது, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவில் ஆளும் சாமானுமாக இறங்கும்போதும் இதே ஆயில்தான் காப்பாற்றும்.

அடுத்தது டயர். 15 இஞ்ச் ரிம்மில் டிராக்குக்கென்று தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டை மடக்கினால் நாலும் உள்ளே போய்விடும், அங்கே போய் மாற்றலாம். கடையில் சொல்லும் 17 இஞ்ச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 185/60 R15 டயரில் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 111 மி.மீ. ரப்பர் இருக்கிறது, 205/45 R17-இல் 92 தான். ரோட்டில் ஒரு பள்ளம் வந்தால் அதை முதலில் வாங்கிக்கொள்வது இந்த ரப்பர். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்கு, அப்புறம் பட்டறையில் அலாய் பெண்ட் எடுக்க நிற்க வேண்டியதுதான். வீல் பெரிதானால் எடையும் பெரும்பாலும் ஏறும், டிராக்கிலும் அது நல்லதில்லை. படம் எடுத்தால் அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

காத்து விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காலையில் 30 டிகிரியில் 32 பி.எஸ்.ஐ. பிடித்த டயர் டிராக்கில் ஓடி 80 டிகிரிக்குச் சூடானால் 40-ஐ நெருங்கும், பிடிமானம் போய் வண்டி வழுக்கும். அதனால் டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்துகிற பிட்டுக்கு வந்து காத்தை இறக்கி மறுபடி 32 வைப்பார்கள், சரிதான். ஆனால் சாயங்காலம் டயர் ஆறியதும் அதே டயரில் இருப்பது 25, 26 தான். வேறு செட் இல்லாமல் ஓட்டி வந்த டயரிலேயே வீட்டுக்கு வந்து, மறுநாள் விடியற்காலை அஞ்சு பேரையும் டிக்கி நிறைய சாமானையும் ஏற்றிக்கொண்டு தாராபுரம் ரோட்டில் ஏறினால், அத்தனை எடைக்கு அந்தக் காத்து போதாது. டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும், பகல் வெயிலில் வெடிக்கிற டயர்களில் பல இப்படிக் காத்துக் குறைந்தவைதான். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற சின்ன கம்ப்ரஸரும் காத்து அளக்கிற நல்ல கேஜ் ஒன்றும் டிக்கியில் இருக்கட்டும், பக்கெட் சீட்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது இதுதான்.

இப்போது காயில்ஓவர். ஸ்பிரிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் சுமார் 1.4 மடங்கு ஏறும், நாலு மடங்காக்கினால் இரண்டு மடங்கு. வீட்டுக் கார்கள் நொடிக்கு ஒன்று, ஒன்றரை தடவை ஆடுகிற மாதிரிதான் கம்பெனியில் அமைக்கிறார்கள், உடம்புக்கு அது தொந்தரவு தருவதில்லை. நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுதான் மனிதனின் வயிற்றையும் முதுகையும் வாட்டுவது. விறைப்பு ஏற ஏற வண்டியை அந்தப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். டிராக்கில் இருபது நிமிசம் ஓட்டி இறங்குகிற உங்களுக்கு அது தெரியாது, எழுபது வயதைத் தாண்டியவருக்கு ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும்.

அதைவிடப் பெரிய தொல்லை, வண்டியைத் தாழ்த்துவது. ஷாக் இறங்க இடம் குறைகிறது, ஆள் ஏறியதும் மீதி இடமும் போய், ஒவ்வொரு வேகத்தடையிலும் கடைசியிலிருக்கிற ரப்பரில் போய் இடிக்கும். வேகத்தடைக்கு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு வைத்திருக்கிறது. ஊருக்குள் ராத்திரியோடு ராத்திரியாகப் போடுகிற தடைகளை அந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் டேப் எடுத்துப் போவதில்லை. மனசு கேட்கவே கேட்காது என்றால், கம்பெனி ஸ்பிரிங்கோடே போகிற நல்ல ஷாக் ஒரு செட் போடுங்கள். வண்டியின் ஆட்டம் அடங்கும், உயரமும் குறையாது. காசு கொஞ்சம் கூடத்தான்.

பாலி புஷ் வேண்டாம், அதிர்வும் கிரீச் சத்தமும் கேபினுக்குள் வரும். சாயாத பக்கெட் சீட்டில் அப்பாரை உட்கார வைத்துத் திருச்செந்தூர் வரை கூட்டிப் போனால், திரும்பி வரும்போது அவர் பஸ்ஸில்தான் வருவார்.

என் வீட்டுக்காரர் ஸ்விஃப்ட்டில் காயில்ஓவரும் புது சைலென்சரும் மாட்டியிருக்கிறார். சென்னை போகும்போது ஒரு வேகத்துக்கு மேல் காதுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரே ரீங்காரம், தலைவலி வந்துவிடுகிறது. பின் சீட்டில் குழந்தைகளோடு உட்காருகிற எனக்கு முதுகும் வலி. எல்லாத்தையும் கழற்றச் சொன்னால் சண்டை வரும். வேறு வழி உண்டா?
வாசகி, கோபி

உண்டு அம்மணி, சண்டை இல்லாமலே பாதியைச் சரி செய்யலாம்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ரீங்காரம் கேட்கிற நேரத்தில் அவரை ஒரு கியர் குறைக்கச் சொல்லுங்கள், வேகம் மட்டும் மாறக் கூடாது. சத்தத்தின் சுருதி மாறினாலோ நின்றுவிட்டாலோ அது சைலென்சர். வேகத்துக்கு வேகம் அதே சத்தம், கியரைப் பற்றிக் கவலையே படாமல் வருகிறது என்றால் டயர் அல்லது வீல் பேரிங். பேரிங்கென்றால் தள்ளிப் போடாதீர்கள்.

சைலென்சராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 வெடிப்பு, அந்தத் தாழ்ந்த சுருதிக்குக் கேபின் கூடவே அதிரும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் எஞ்சின் அங்கேயேதான் நிற்கும், டிராக்கில் ஓட்டும்போது அந்த இடத்தில் நிற்பதே இல்லை, அதனால் மாட்டினவருக்கு அங்கே தெரியாது. சைலென்சர் குழாயின் நடுவில் ஒரு ரெசொனேட்டர் (ரீங்காரத்தை அடக்குகிற குடுவை) வெல்டிங் வைத்தால் பெருமளவு அடங்கும். டிக்கி தரையில் ஒட்டுகிற தார் ஷீட் மட்டும் போட்டால் போதும் என்று சொல்லுவார்கள், தகடு கலகலப்பது குறையும், இந்த ரீங்காரம் அதற்கு அவ்வளவாக மசியாது.

முதுகுக்கு: ஷாக்கின் தலையில் ஒரு திருகு இருக்கும், கிளிக் கிளிக் என்று திரும்பும். முழுக்க இறுக்கி, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்தினால் டிராக், எத்தனை தளர்த்தினால் வெளியூர் என்று எண்ணி எழுதி கிளவ் பாக்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் ஒருவேளை டிராக்கிலிருந்து வந்து திருகவே இல்லையோ என்னவோ. ரொம்ப இறுக்கி வைத்தால் ஒரு பள்ளத்தில் அமுங்கிய வீல் நிமிர்வதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும், பாலத்து இணைப்புகளில் வண்டி படிப்படியாகக் கீழே உட்காருவது இதனால்தான். அப்புறம் பின் பக்கம் மட்டும் உயரத்தை ஒரு 15 மி.மீ. ஏற்றச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் ‘ஸ்டான்ஸ் (வண்டி தாழ்ந்து நிற்கிற தோரணை) கெட்டுப் போகும்’ என்பார். ஒரு நாள் அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து நீங்கள் சங்ககிரி வரை ஓட்டிக் காட்டுங்கள்.

உயரத்தை மாற்றியபின் அலைன்மென்ட் பார்க்காமல் விடாதீர்கள். டிராக்குக்கென்று முன் வீல் இரண்டையும் வெளிப்பக்கம் திரும்பின மாதிரி, டோ-அவுட்டாக வைத்திருந்தால் வளைவில் சட்டென்று திரும்பும். நேர் ரோட்டில் ஸ்டீயரிங் ஓயாமல் அலையும், டயரையும் தின்றுவிடும். கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்து நிற்கிற கோணம், கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, டோ மட்டும் கம்பெனி அளவுக்கு வந்தாக வேண்டும்.

டிராக் பேட் மாட்டினேன், கழற்றச் சோம்பல், அப்படியே வால்பாறை போகலாமா?
வாசகர், பொள்ளாச்சி

போகாதீர்கள். அந்தப் பேட் சூடேறினால்தான் கடிக்கும். ஆழியாறிலிருந்து விடியற்காலைப் பனியில் ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை, அது குளிர்ந்து கிடக்கும். எதிரே ஒரு பஸ் வந்து சட்டென்று மிதித்தால் முதல் மிதி ஏமாற்றும். 40 கொண்டை ஊசி வளைவு உள்ள மலையில் சோம்பலுக்கு இடமில்லை. பேட்டைப் பிடித்திருக்கிற காலிபரின் பின்னைக் கழற்றி, பிஸ்டனை உள்ளே தள்ளி, பேட் மாற்றுவது பழகிவிட்டால் அரை நாள் வேலைகூட இல்லை. மாற்றியதும் காலி ரோட்டில் நல்ல வேகத்திலிருந்து நிற்காத அளவுக்குப் பல தடவை மிதித்து விட்டு, டிஸ்க்கில் புதுப் பேட் படிந்த பிறகு மலை ஏறுங்கள்.

இன்னொன்று: டிராக்கில் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆற விடுங்கள், நிறுத்தியதும் அந்தச் சூட்டில் ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் போட்டு வீலுக்குக் கல் வையுங்கள்.

ரோல் கேஜும் (வண்டிக்குள் கட்டுகிற இரும்புக் குழாய்க் கூண்டு) நாலு முனை பெல்ட்டும் (இரண்டு தோளோடு இடுப்பையும் கட்டுகிற ரேஸ் பெல்ட்) போட்டால் நெடுஞ்சாலையில் பாதுகாப்புத்தானே?
வாசகர், நாமக்கல்

இல்லவே இல்லை. ரோல் கேஜ் ஹெல்மெட் போட்ட தலைக்குச் செய்தது. ஹெல்மெட் இல்லாமல் விபத்து நடந்தால் தலை மோதப்போகிற இரும்புக் குழாய் அதுதான். நாலு முனை பெல்ட்டைச் சாதாரண சீட்டில் கட்டினால், மோதும் வேகத்தில் இடுப்புப் பட்டை மேலேறி வயிற்றை அறுக்கும், ஆள் அடியில் சறுக்கிப் போவான். கம்பெனி பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும்படி அமைத்தவை, அதைக் கலைக்காதீர்கள்.

டிராக்கில் இடித்தால் இன்சூரன்ஸ் வருமா? வண்டியில் செய்த மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?
வாசகர், கரூர்

இன்சூரன்ஸ் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் கார் பாலிசிகளில் போட்டி ஓட்டம், வேகச் சோதனை இரண்டையும் விலக்கித்தான் எழுதியிருப்பார்கள், உங்கள் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆர்.டி.ஓ. விஷயத்தில், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. பேட், ஆயில், அதே அளவு டயர் இதில் வராது. சத்தமான சைலென்சரும் பின் சீட்டைக் கழற்றிப் போடுவதும் வம்பு. கழற்றின சாமானை எல்லாம் பரணில் பத்திரமாக வையுங்கள், வண்டி விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது கம்பெனி ஸ்பிரிங் எங்கே என்றுதான்.