திறமை இருந்தால் போதாதா?

கேள்வி: "அறிவியலில் எல்லாத் தரப்புக்கும் இடம் வேண்டும்" என்று இப்போது எங்கும் பேசுகிறார்கள். திறமை இருந்தால் போதாதா? ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் கலாம் யார் தயவும் இல்லாமல்தானே மேலே வந்தார்?
- வாசகர், தொண்டி

பதில்: தன் சுயசரிதையில் கலாம் சொல்வது வேறு கதை. புதிதாக வந்த ஓர் ஆசிரியர், அர்ச்சகர் மகனுக்குப் பக்கத்தில் முஸ்லிம் பையன் உட்காரக் கூடாதென்று அவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பனின் அப்பா லட்சுமண சாஸ்திரி, ராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர், அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், வீட்டம்மா மறுத்தபோதும், கலாமைச் சாப்பிடக் கூப்பிட்டுத் தன் கையாலேயே பரிமாறினார். அப்புறம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர ஏறத்தாழ 1,000 ரூபாய் தேவைப்பட்டது. அக்கா சோரா தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார்.

கலாமின் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அதே பெஞ்சிலிருந்து எழுப்பப்பட்டு, தட்டிக்கேட்க ஒரு சாஸ்திரியோ அடகு வைக்க ஒரு வளையலோ இல்லாத பிள்ளை என்ன ஆனான்? அவன் பெயர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

திறமையை எடைபோடத் தெரிந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். 1933இல் பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று வந்த கமலா சோஹோனியை, பெண் என்பதற்காகப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்க்க மறுத்தவர் நம் சர் சி.வி. ராமன். கமலா விடவில்லை; நிபந்தனைகளோடு உள்ளே போனார், பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். போராடத் தெம்பில்லாமல் ஊர் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள் இல்லையா?

சரி, நம் கரைக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில் பல ஆண்டுகள் தலைமையகம் வைத்திருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1947இல். தலைமையகம் பிறகு கொச்சிக்கு மாறியது; மண்டபத்தில் ஆராய்ச்சி நிற்கவில்லை. முக்கால் நூற்றாண்டாக மன்னார் வளைகுடாவைத் தேடி விஞ்ஞானிகள் வருகிறார்கள். இங்கிருந்து எத்தனை பேர் விஞ்ஞானியாகப் போனார்கள் என்பதை உங்கள் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரலில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, மூச்சை அடக்கி முங்குகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) எப்போது தழைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பாசி திரும்ப வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவதென அவர்களே முடிவெடுத்தார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி, 2015இல் அமெரிக்கா போய், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை வாங்கி வந்தார்.

இது அனுபவம், அறிவியல் ஆகாது என்பீர்கள். ஒரே பாரை வருடக்கணக்கில் கவனிப்பது, விளைச்சல் குறைந்தால் காரணம் தேடுவது, நாட்களைக் குறைத்துவிட்டு என்ன நடக்கிறதென்று மறுபடி பார்ப்பது. இதை நான் அறிவியல் என்றுதான் சொல்வேன். ஆய்வுக் கட்டுரையாக வரும்போது இவர்கள் "உள்ளூர் மக்கள்" என்ற இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு யாரும் மதிப்பெண்ணைத் தானமாகத் தர வேண்டாம். தமிழில் படித்தவளிடம் நேர்முகத் தேர்வில் தமிழிலும் கேள்வி கேளுங்கள். ஆய்வுப் படகில் பெண்களுக்குக் கழிப்பறை வையுங்கள். உதவித்தொகையை அந்தந்த மாதமே கொடுங்கள். அம்மா மீன் விற்ற காசில் ஆறு மாதம் காத்திருக்க அவளால் முடியாது.

இன்னொன்று. மண்டபத்துக்கு வரும் ஆய்வு மாணவர்கள், பாசியைப் பற்றி எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் சின்னப்பாலத்தில் உட்கார்ந்து தமிழில் வாசித்துக் காட்டட்டும். தப்பு இருந்தால் அந்த அக்காமார் சொல்லிவிடுவார்கள். திருத்தியவர்களின் பெயரும் கட்டுரையாளர் வரிசையில் வரட்டும்.