கிரீன் டீ கேப்சூல் தேவையா? ஈஷூன் வாசகருக்கு ஒரு மருந்தாளரின் பதில்

கேள்வி: எனக்கு வயது 58. சைவ உணவுதான் சாப்பிடுகிறேன். கெட்ட கொழுப்பு சற்றுக் கூடியிருப்பதால் பலதுறை மருந்தகத்தில் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. மூன்று வேளையும் சாப்பாட்டோடு கிரீன் டீ குடிக்கிறேன். அதைவிடப் பலன் அதிகம் என்று சொல்லி, மகள் இணையத்தில் கிரீன் டீ சாறு கேப்சூல் வாங்கித் தந்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் 400 மில்லிகிராம் இஜிசிஜி, நாளுக்கு இரண்டு என்று புட்டியில் போட்டிருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மகளின் அக்கறை புரிகிறது, அம்மா. ஆனாலும் அந்தக் கேப்சூலை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: சாப்பாட்டோடு கிரீன் டீ குடிக்கும் பழக்கத்தை இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

நாம் வழக்கமாகக் குடிக்கும் தேநீரும் கிரீன் டீயும் ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த இலையை உடனே ஆவியிலோ வாணலியிலோ சூடாக்கிவிட்டால் அது கறுப்பதில்லை. அதிலுள்ள கேட்டகின் என்னும் சேர்மங்களும் பெருமளவு அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றுள் முதன்மையானதுதான் உங்கள் புட்டியில் எழுதியிருக்கும் இஜிசிஜி. இலையையும் கொதிநீரில் ஊறவிடும் நேரத்தையும் பொறுத்து, ஒரு குவளையில் சுமார் 50 முதல் 100 மில்லிகிராம் வரை அது இறங்கும். உங்கள் கேப்சூல் இரண்டையும் கூட்டினால் 800 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டு இதை ஆராய்ந்தபோது, கேப்சூல் போன்ற துணைச்சத்துகள் வழியாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இஜிசிஜி எடுத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் உயர்வதைக் கண்டறிந்தது. தேநீராகக் குடிப்பவர்களுக்கோ சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம்தான் சேர்கிறது. அதுவும் நாள் முழுவதும் சிறிது சிறிதாக. கேப்சூலை வெறும் வயிற்றில் விழுங்கினால் ரத்தத்தில் கலக்கும் அளவு இன்னும் பல மடங்கு கூடும். ஸ்டாட்டினும் சிலருக்குக் கல்லீரல் நொதிகளைச் சற்று உயர்த்தக்கூடியது என்பதால், நாளை உங்கள் ரத்தப் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால் எதனால் வந்தது என்று மருத்துவர் திண்டாட வேண்டியிருக்கும். உங்களுக்குத் தேவையான ஒரு மருந்தையே நிறுத்தும்படி ஆகிவிடக்கூடாது.

கிரீன் டீயால் நன்மையே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கெட்ட கொழுப்பு லிட்டருக்குச் சுமார் 0.1 மில்லிமோல் குறைகிறது. உங்கள் பரிசோதனை அறிக்கையில் 3.9 என்றிருந்தால் 3.8 ஆகும், அவ்வளவுதான். ஸ்டாட்டினோ பொதுவாக 30 விழுக்காடு அல்லது அதற்கு மேலும் குறைக்கிறது. எனவே ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது. ஜப்பானின் ஓசாக்கி பகுதியில் 40,000க்கும் மேற்பட்டவர்களைப் பதினோர் ஆண்டுகள் கவனித்து 2006இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஐந்து குவளையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, இதய, ரத்தநாள நோயால் நேர்ந்த இறப்பு குறைவாக இருந்தது. புற்றுநோய் இறப்பில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. அந்த மக்களின் உணவும் வாழ்க்கைமுறையும் வேறு என்பதால், தேநீர் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உடல் எடை குறையும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். குறைவது மிகச் சொற்பம்.

உங்களைப் பொறுத்தவரை, கொழுப்பைவிட இரும்புச்சத்துதான் எனக்குக் கவலை தருகிறது. கீரை, பருப்பு, கடலை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பைத் தேநீரின் கேட்டகின்கள் குடலிலேயே பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. அசைவம் சாப்பிடுபவருக்கு இறைச்சியிலுள்ள இரும்பு ஓரளவு கைகொடுக்கும்; உங்களுக்கு அந்த வழியும் இல்லை. மூன்று வேளையும் சாப்பாட்டோடு குடித்துவந்தால், இரும்பு மாத்திரை எடுத்தும் ரத்தச்சோகை தீராமல் நீடிக்கலாம். ஆகவே, சாப்பிட்ட பின்னும் இரும்பு மாத்திரை போட்ட பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாத்திரையையும் பருப்புச் சோற்றையும் எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உட்செல்லும். கிரீன் டீயைக் காலை பத்து மணிக்கு ஒரு குவளை, பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு குவளை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் வேண்டாம். ஒரு குவளையில் 30 முதல் 50 மில்லிகிராம் கஃபீன் இருப்பதால் தூக்கம் கெடும்.

புட்டியில் விற்கும் கிரீன் டீயை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிங்கப்பூரில் பானங்களின் சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீட்டில் 'பி' என்று போட்டிருந்தாலும் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அப்படியானால் 500 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஐந்து தேக்கரண்டி. வீட்டில் இலையைப் போட்டு, கொதித்துச் சற்று ஆறிய நீரை ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் வைத்து, சர்க்கரை சேர்க்காமல் குடிப்பதே நல்லது.

கேப்சூலை ஏற்கெனவே சில நாள் எடுத்திருந்தால் பதற வேண்டாம். நிறுத்திவிட்டு, புட்டியோடு மருத்துவரைப் பார்த்து, அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ, காரணமின்றி உடல் அரித்தாலோ, குமட்டலும் வலப்பக்க மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தாலோ, அந்தச் சந்திப்பு நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.