நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்களுக்கு: 'தி ஐ ஆஃப் தி வோர்ல்ட்' கேள்வி பதில்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இந்த முறை எடுத்துக்கொண்ட நூல், ராபர்ட் ஜோர்டன் எழுதிய 'வீல் ஆஃப் டைம்' தொடரின் முதல் நாவல், 'தி ஐ ஆஃப் தி வோர்ல்ட்'. 1990இல் வெளிவந்தது. மலையோரக் கிராமம் ஒன்றில் திருவிழாவுக்கு முந்தைய இரவு ட்ரோலோக் என்ற மிருக மனிதர்கள் புகுந்து தாக்குகிறார்கள். அவர்கள் தேடுவது மூன்று இளைஞர்களில் ஒருவனை. யார் அந்த ஒருவன் என்று தெரியாததால் ரேண்ட், மேட், பெரின் என்ற மூவரையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறாள் மொரேன் என்ற மந்திரக்காரி. இவ்வளவுதான் ஆரம்பம். எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் வழியிலேயே இறங்கிவிட்டார்கள், மீதிப் பேர் இரண்டாம் நூலைத் தேடி அலைகிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். முடிவைச் சொல்லவில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இது 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' காப்பிதானே? (பட்டர்வொர்த்)

முதல் நூறு பக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. ஒதுக்குப்புறக் கிராமம், வெளியூர் தெரியாத பிள்ளைகள், ரகசியம் தெரிந்த வழிகாட்டி, குதிரையில் வரும் கறுப்பு அங்கிக்காரன், இரவில் படகுத்துறை, ஊர் விடுதி. டோல்கியன் 1954இல் முதல் பாகத்தில் போட்ட அதே பாதை. இதை ஜோர்டன் மறைக்கவும் இல்லை. வாசகருக்குப் பழகிய இடத்தில் கதையைத் தொடங்க வேண்டும் என்பதற்காகவே முதல் அத்தியாயங்களில் டோல்கியன் வாசனை வருமாறு எழுதியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு இடத்தைக் கவனியுங்கள். ஷடார் லோகோத் என்ற பாழடைந்த நகரத்தில் ஓர் இரவு தங்குகிறார்கள். அங்கிருந்து தப்பி ஓடும்போது கூட்டம் மூன்றாகச் சிதறுகிறது. என் கணக்கில் ஜோர்டனின் சொந்தக் கதை அங்கேதான் தொடங்குகிறது. ரேண்டும் மேட்டும் கையில் காசில்லாமல் கேம்லின் நகரத்தை நோக்கி நடக்கிறார்கள். ஒருவன் புல்லாங்குழல் ஊதுகிறான், ஒருவன் பந்துகளை வீசிப் பிடித்து வித்தை காட்டுகிறான், அதற்குக் கூலியாக விடுதியில் ஒரு வேளைச் சோறு. எந்த விடுதிக்காரனை நம்புவது, எவன் இரவில் கதவைத் தட்டுவான் என்று தெரியாத பயம். போர்க்களம் இல்லை, மந்திரச் சண்டையும் அதிகம் இல்லை. வீட்டை விட்டு வந்த இரண்டு பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒருவரை ஒருவர் சந்தேகப்படத் தொடங்குவதை அவர் எழுதியிருக்கும் விதம், டோல்கியனிடம் கிடைக்காது. அங்கே நட்பு உடையாத பாறை. இங்கே அது பசியிலும் தூக்கமில்லாமலும் தேய்கிறது.

நூறு பக்கத்தில் மூடி வைத்தவர்கள் ஜோர்டனைப் படிக்கவே இல்லை என்பது என் வாதம். இருநூறு பக்கத்தில் மூடியிருந்தால் உங்கள் கருத்தை மதிக்கிறேன்.

முன்கதையில் யாரோ ஒரு பைத்தியக்காரன் இடிந்த அரண்மனையில் சுற்றுகிறான். ஒன்றும் புரியவில்லை. புரியாமல் மேலே போகலாமா? (ஆயர் ஈத்தாம்)

தாராளமாகப் போகலாம். அவன் பெயர் லூஸ் தெரின். சொந்தக் குடும்பத்தையே கொன்றுவிட்டு, அது தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு நடக்கிறான் என்பது மட்டும் மனதில் இருந்தால் போதும். ஆண்கள் மந்திரத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சில பக்கங்கள்தான் சாட்சி.

தங்கச்சி, காலம் சக்கரமாகச் சுழல்கிறது, யுகங்கள் வந்து போகின்றன என்று எழுதியிருக்கிறாரே. இது நம்முடைய யுகக் கணக்குதானே? வெள்ளைக்காரர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று பெருமைப்படலாமா? (தண்ணீர்மலை)

பெருமைப்படுங்கள் ஐயா, ஆனால் கொஞ்சம் நிதானமாக. நமக்கு நான்கு யுகம், அவருக்கு ஏழு. சக்கரத்துக்கு ஏழு ஆரக்கால். ஒரு யுகத்தில் நடந்தது அடுத்ததில் கதையாகி, அப்புறம் புராணமாகி, கடைசியில் மறந்தும் போய், அந்த யுகம் திரும்ப வரும்போது மறுபடி நடக்கும். இந்திய மரபின் காலச்சுழற்சி இதில் இருக்கிறது, கூடவே ஆர்தர் கதைகள், வடநாட்டுத் தொன்மங்கள் என்று பலவற்றையும் கலந்திருக்கிறார்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நாம் கல்கி அவதாரத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். இந்த உலகத்தில் மறுபடி பிறக்கப் போகிறவனை நினைத்து ஜனங்கள் நடுங்குகிறார்கள். போன முறை உலகத்தைக் காப்பாற்றியவனும் அவன்தான், உடைத்தவனும் அவன்தான். தெய்வம் வருமா என்று ஏங்குகிற கதையல்ல இது. வந்துவிடப் போகிறதே என்று பயப்படுகிற கதை. இதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். மேல்நாட்டு வாசகருக்கு விளக்க அவருக்கு ஒரு நாவல் தேவைப்பட்டது.

அப்புறம் ஒன்பதாம் அத்தியாயத்தை இன்னொரு முறை படியுங்கள். தாக்குதலுக்கு மறுநாள் ஊர்க்காரர்கள் மொரேனைத் துரத்த விடுதி வாசலில் கூடுகிறார்கள். அவள் கோபப்படவில்லை. நீங்கள் நிற்கிற இந்த மண்ணில் ஒரு காலத்தில் மனெதெரன் என்ற பேரரசு இருந்தது, உங்கள் முன்னோர்கள் கடைசி ஆள் வரை நின்று போரிட்டார்கள் என்று சொல்கிறாள். ஆடு மேய்க்கிறவர்களுக்கும் புகையிலை பயிரிடுகிறவர்களுக்கும் அது தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும், பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கு இருப்பது? ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பிய கடாரம் அந்தப் பக்கம்தான். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இன்றும் இருக்கிறது. அந்த வழியாக அலோர் ஸ்டாருக்குப் போய்வருகிற பாதிப் பேர் வண்டியை நிறுத்தியதே இல்லை. அந்த அத்தியாயம் நமக்காகவே எழுதியது போல இருந்தது.

டீச்சர், நான் படிவம் ஐந்து. பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆங்கிலமும் சுமார்தான். முயற்சி செய்யலாமா? (கிள்ளான்)

செய்யலாம்மா. வாக்கியங்கள் கடினமில்லை, வர்ணனைதான் நீளம். நூலின் கடைசியில் பெயர்களுக்கும் சொற்களுக்கும் விளக்கம் இருக்கிறது, உச்சரிப்பும் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு அட்டையைச் செருகி வைத்துக்கொள். ஆனால் அதை முன்கூட்டியே முழுசாகப் படிக்காதே, சில ரகசியம் உடைந்துவிடும். 2002இல் இளையோருக்காக இதே நாவலை இரண்டு நூலாகப் பிரித்து, அதே கிராமத்துப் பெண் எக்வீனின் சிறுவயதைப் பற்றி ஒரு புது அத்தியாயமும் சேர்த்து வெளியிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் அது கண்ணில் பட்டால் வாங்கு. எஸ்பிஎம் தேர்வு முடிந்த பிறகு படி, அதற்கு முன்னால் வேண்டாம்.

மொரேன் நல்லவளா கெட்டவளா? படித்து முடித்தும் தெரியவில்லை. (ஜெலுத்தோங்)

தெரியாமல் இருப்பதுதான் இந்த நூலின் பலம். டோல்கியனின் வழிகாட்டி காண்டால்ஃபை நாம் ஒரு நொடியும் சந்தேகப்படுவதில்லை. மொரேன் காயத்தை ஆற்றுகிறாள், உயிரைக் காப்பாற்றுகிறாள், அதே வாயால் உங்களை இருளிடம் விடுவதை விட நானே அழித்துவிடுவேன் என்றும் சொல்கிறாள். இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறாள். அவளைப் போன்ற மந்திரக்காரிகள், ஐஸ் செடாய்கள், பொய் சொல்ல முடியாது, சத்தியம் செய்திருக்கிறார்கள். ஆனால் உண்மையை எப்படி வேண்டுமானாலும் வளைத்துச் சொல்லலாம். அவள் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை படியுங்கள்.

பெண்கள் எல்லாரும் எப்போதும் கோபமாகவே இருக்கிறார்களே. நைனீவ் வந்தாலே எரிச்சலாக இருக்கிறது. (செந்தூல், கோலாலம்பூர்)

இந்தக் குறை நியாயமானது. ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவே மாட்டார்கள் என்பதை ஜோர்டன் ஒரு நகைச்சுவையாக வைத்திருக்கிறார். முதல் நாவலில் அது கொஞ்சம்தான், பிந்தைய நூல்களில் அலுத்துப்போகிறது.

ஆனால் நைனீவை விட்டுக்கொடுக்க மாட்டேன். இருபதுகளின் நடுவில் இருக்கிற ஒரு கிராம வைத்தியச்சி, ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்ததும் தனியாகக் குதிரையேறித் தடம் பார்த்தே துரத்திப் பிடிக்கிறாள். மொரேனின் காவலன் லான் போன்ற வீரனே அதைப் பார்த்து அசந்து போகிறான். அவளுடைய கோபத்துக்குள் இருப்பது பொறுப்பு. நம் சித்தி, அத்தைமார்களை நினைத்துக்கொண்டு படித்தால் எரிச்சல் குறையும்.

நான் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' படித்துவிட்டு வருகிறேன். இதில் யாரும் சாகமாட்டார்கள் போலிருக்கிறதே? (பங்சார், கோலாலம்பூர்)

அந்த ருசியோடு வந்தால் இது சப்பென்றுதான் இருக்கும். மார்ட்டின் 1996இல் எழுதியது அரண்மனை அரசியல், இது சாகசப் பயணம். அந்த முதல் நூலின் அட்டைக்குப் பாராட்டு வரி கொடுத்தவர்களில் ஜோர்டனும் ஒருவர், விற்பனைக்கு அது உதவியதாக மார்ட்டினே சொல்லியிருக்கிறார். நன்றிக்கடனாக, டார் என்ற இடத்துக்குத் தலைவனாக ட்ரெபர் ஜோர்டேன் என்று ஒரு பிரபுவைத் தன் கதையில் வைத்தார். ராபர்ட்டைத் திருப்பிப் போட்டால் ட்ரெபர், ஜோர்டனைப் பதிப்பித்த நிறுவனத்தின் பெயர் டார்.

சாவு குறைவு என்பதற்காக வன்முறை லேசானது என்று நினைக்காதீர்கள். ஜோர்டன் வியட்நாம் போரில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி இயக்கியவர். பெரின் தன் கோடரியைப் பார்த்துப் பயப்படுகிற பக்கங்களில் அது தெரிகிறது. இதைப் பயன்படுத்த வெறுக்கும் வரை வைத்துக்கொள் என்று அவனுக்கு ஒரு காட்டு மனிதன் சொல்கிறான். போருக்குப் போகாத எழுத்தாளர் அந்த இடத்தில் வீர வசனம் எழுதியிருப்பார்.

பொன்னியின் செல்வனை நாலு தடவை படித்தவள் நான். எனக்கு இது பிடிக்குமா? (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பிடிக்க வாய்ப்பு உண்டு அக்கா. 'புது வெள்ளம்' பாகமும் குதிரையில் ஒருவன் ஊர் ஊராகப் போகிற கதைதானே. போகிற வழியில் உலகம் விரிகிறது, இங்கேயும் அப்படித்தான். வித்தியாசம் வேகத்தில். கல்கி வாராவாரம் எழுதினார், ஒவ்வொரு அத்தியாயமும் நம்மை அடுத்த வாரத்துக்குத் தள்ளும். ஜோர்டனுக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு விடுதிக்குள் நுழைந்தால் விடுதிக்காரன் இடுப்பில் கட்டியிருக்கும் துணியின் நிறத்திலிருந்து ஆரம்பிப்பார். வந்தியத்தேவனைப் போலச் சிரிக்க வைக்கிற நாயகனும் இல்லை, ரேண்ட் கவலையிலேயே இருக்கிறான். அந்தக் குறையை தாம் என்ற நாடோடிப் பாடகன் ஓரளவு தீர்க்கிறான்.

கடைசி ஐம்பது பக்கம் என்ன நடந்தது? நானும் என் தம்பியும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டோம். (பாயான் பாரு)

நீங்கள் இருவர் மட்டும் இல்லை. இந்த நாவலின் உண்மையான பலவீனம் அதுதான், காப்பி என்ற குற்றச்சாட்டை விடப் பெரியது. எழுநூறு பக்கம் நிதானமாக நடந்தவர் கடைசியில் ஓடுகிறார். இதுவரை பேச்சில் மட்டும் வந்தவர்கள் திடீரென்று முன்னால் வந்து நிற்கிறார்கள். நாயகன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போனான் என்பதற்குச் சரியான விளக்கம் இல்லை, மந்திரத்தின் விதிகளை நமக்கு அதுவரை சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அவனுக்கே புரியாததை அவன் கண் வழியாகப் பார்க்கிறோம் என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. இரண்டாம் நூலின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அதில் அவர் எவ்வளவு தேறிவிட்டார் என்பது தெரியும்.

தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தால் போதாதா? (சுபாங் ஜெயா)

போதாது. 2021இல் தொடங்கி மூன்று பருவத்தோடு 2025இல் நிறுத்திவிட்டார்கள், கதை பாதியில் நிற்கிறது. முதல் பருவத்தில் பெரினுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, அவன் கையாலேயே சாகடித்தார்கள். நாவலில் அப்படி எதுவும் கிடையாது. மொரேனாக நடித்த ரோசமண்ட் பைக் இந்த நாவலை ஒலிநூலாக வாசித்திருக்கிறார், கார் நெரிசலில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு அது நல்ல துணை.

மொத்தம் பதினான்கு நூல், எழுதியவரும் இறந்துவிட்டார். இதில் இறங்குவது அர்த்தமுள்ள காரியமா? எங்கே வாங்குவது? (ஜார்ஜ்டவுன்)

ஜோர்டன் 2007இல் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நூல்களை முடித்தார், 2013இல் தொடர் நிறைவடைந்தது. ஆக, பாதியில் நிற்கும் கதை இல்லை. ஏழிலிருந்து பத்து வரை நடை தளரும், அதைப் பற்றிய புலம்பல் உலகம் முழுக்க உண்டு. பதினான்கையும் முடிக்கிறேன் என்று சபதம் எடுக்காதீர்கள். முதல் மூன்றைப் படியுங்கள், மூன்றாவது முடிந்ததும் நிறுத்தத் தோன்றினால் நிறுத்துங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சௌராஸ்தா சந்தையின் மாடியில் இருக்கிற பழைய புத்தகக் கடைகளைப் பாருங்கள். தடியான ஆங்கில நாவல்களை அடியில் அடுக்கி வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். முதுகு உடைந்த பிரதியாக இருந்தால் விலை பேசுங்கள். புதிது வேண்டும் என்றால் கோலாலம்பூருக்குப் போகும்போது கேஎல்சிசியில் கினோகுனியா. முதல் நூலை மட்டும் வாங்குங்கள். இரண்டாவது என்னிடம் இருக்கிறது, அடுத்த சந்திப்பில் இரவல் தருகிறேன், ஆனால் பக்கத்தை மடிக்கக் கூடாது.