எல்லிஸ் தீவில் அவர் பெயர் ஏன் இல்லை?

வணக்கம் சகோதரி. உங்கள் கணவரின் அயர்லாந்து முன்னோர் 1851 வாக்கில் நியூயார்க் வந்தவர், எல்லிஸ் தீவுப் பதிவுகளில் பெயரே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்காது. எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்தில் குடியேறுவோரைப் பதிவு செய்த நிலையம்; அது திறந்ததே 1892இல்தான். 1820 முதலான கப்பல் பயணிகள் பட்டியல்கள் தனியாக உள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் சொந்த ஊரைப் போடாமல் 'அயர்லாந்து' என்று மட்டும்தான் போட்டிருப்பார்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் வேறு வந்து நிற்பார்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது எமிகிரன்ட் சேமிப்பு வங்கிப் பதிவேடு. நியூயார்க்கில் அயர்லாந்துக் குடியேறிகளுக்காக 1850இல் தொடங்கிய வங்கி. கணக்கு வைத்தவரை அடையாளம் காண, பிறந்த ஊர், வந்த கப்பல், பெற்றோர், உடன்பிறந்தோர் என்று கேட்டு எழுதி வைத்தார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

அதில் இல்லையென்றால், அவர் திருமணம் நடந்த கத்தோலிக்கக் கோயிலின் பதிவேடு. சாட்சிகளின் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரம் அவர்கள் சொந்த ஊர்க்காரர்கள்.

ஊர் தெரியாமல் அயர்லாந்துப் பக்கம் போகவே வேண்டாம். 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத் தீயில் போய்விட்டது. ஊர் தெரிந்துவிட்டால், அயர்லாந்து தேசிய நூலகத் தளத்தில் அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளை (பங்குப் பதிவேடுகள்) இலவசமாகவே பார்க்கலாம். பல லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸை 'ஜாகோபுஸ்' என்று தேடுங்கள்.

திருமண ஆண்டு தெரியுமா?