ஜோர்டான் 191: ஒரே சீசன் ஓடிய கார் ஏன் இன்னும் பேசப்படுகிறது?

"ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத காரை ஏன் கொண்டாடுகிறார்கள்?" என்பது கேள்வி. நியாயமானதுதான்.

1991-ல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த ஜோர்டான் அணியின் முதல் கார் இது. முதலில் வைத்த பெயர் 911. போர்ஷே ஆட்சேபித்ததால் 191 ஆனது. கேரி ஆண்டர்சன் தலைமையில் மூன்றே பேர் வடிவமைத்தார்கள். சிக்கலான வித்தை எதுவும் இல்லை. சீரான, சுத்தமான ஏரோடைனமிக்ஸ் (காற்றைச் சமாளிக்கும் வடிவம்), அவ்வளவுதான். எஞ்சின் ஃபோர்டின் 3.5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர். வி10, வி12-களைவிட சக்தி குறைவு, ஆனால் எடையும் எரிபொருள் செலவும் குறைவு. அப்புறம் அந்த செவன் அப் பச்சை நிறம்! பாதிப் புகழ் அதற்கே சேரும் என்பேன்.

தொடக்கத்தில் புதிய அணிகள் முன்தகுதிச் சுற்றைத் தாண்டினால்தான் மேற்கொண்டு ஓட முடியும் என்ற விதி அப்போது இருந்தது. முதல் பந்தயத்தில் ஜோர்டான் ஓட்டுநர் டி செசாரிஸ் அதிலேயே வெளியேறினார். ஆனால் கனடாவில் ஜோர்டான் கார்களுக்கு 4, 5-ஆம் இடங்கள். சீசன் முடிவில் 13 புள்ளிகள், அணிகளில் 5-ஆம் இடம்.

லண்டனில் டாக்ஸி ஓட்டுநர்மீது கண்ணீர்ப்புகை அடித்த வழக்கில் அணியின் இன்னொரு ஓட்டுநர் கஷோ சிறைக்குப் போக, பெல்ஜியத்தில் அவர் இடத்துக்கு வந்தவர் பின்னாளில் உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கர். தன் முதல் ஃபார்முலா 1 பந்தயத்திலேயே 7-ஆவதாகத் தகுதி பெற்றார். முதல் சுற்றிலேயே கிளட்ச் போனது. அதே நாளில் 2-ஆவதாக ஓடிக்கொண்டிருந்த டி செசாரிஸின் எஞ்சினும் கடைசிச் சுற்றுகளில் கைவிட்டது.

1992-ல் செலவைக் குறைக்க யமஹா வி12-க்கு மாறினார்கள். அந்த ஆண்டு முழுக்கக் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி.