ரீபோர் செய்த புல்லட் மேட்டில் இறுகினால்

நண்பரே, வீட்டிலேயே பிரித்து, லேத்தில் ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) கோத்த காஸ்ட் அயர்ன் (பழைய வார்ப்பிரும்பு இன்ஜின்) புல்லட் 350-ஐ டாப் கியரில் 40 கி.மீ. வேகம் தாண்டாமல் ஓட்டுவதாகவும், மேட்டில் இழுவை குறைந்து இன்ஜின் இறுகுவதாகவும் (சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்வதாகவும்) எழுதியிருக்கிறீர்கள். இறுகுவது தெரிந்ததும் கிளட்சைப் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை கிக்கரை மிதிக்கவே வேண்டாம்.

முதலில் ஆயில் ஏறுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஓடும்போது ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். அடுத்தது டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். அது பின்தங்கியிருந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வந்தாலும் இப்படித்தான் சூடேறும்.

ஒரே வேகத்தில் உருட்டுவது ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) சிலிண்டரோடு படிய உதவாது. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கை சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. அதனால் ஆக்சிலேட்டரை அளவாகக் கொடுத்து, பிறகு முழுதாக மூடுங்கள். அந்த உறிஞ்சலில் ஆயில் மேலேறி பிஸ்டனைக் குளிர்விக்கும். மேட்டில் திணறவிடாமல் மூன்றாம் கியருக்கு இறங்கிவிடுங்கள். மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விடச் சொல்வார்கள், யார் சொன்னாலும் கேட்காதீர்கள்: காற்றுப் படாமல் சூடேறும், ரிங்கும் படியாது.

லேசான நீலப் புகை இப்போதைக்கு இருக்கும். சாதாரண மினரல் ஆயிலே போதும், சிந்தெடிக் வேண்டாம். முதல் 100 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றுங்கள். இன்ஜின் முழுக்க ஆறியபின் ஹெட் நட்டுகளை மறுபடி முடுக்கி, புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலுக்குத் தடையின்றிச் சுழலும்படி டாப்பெட் இடைவெளியை வையுங்கள்.

ரீபோர் செய்த லேத்துக்காரர் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார் என்று கேட்டு எழுதுங்கள். இதற்கெல்லாம் பிறகும் இறுகினால் சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டன் எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்று பார்க்க வேண்டியதுதான்.